குடுமிக்கு நீ சொன்ன பதினொரு விதிகள்

இன்று கொல்லம் ஆண்டு 1113, தை மாதம் இருபத்தொன்றாம் தேதி. இங்கிலீஷ் கணக்கில் 1938. காலை ஏழேகால் மணிக்கு உன் கொம்புச் சீப்பில் ஒரு பல் ஒடிந்தது. இடமிருந்து எண்ணினால் நான்காவது பல். நாற்பத்து மூன்று ஆண்டுகள் உன் கையில் இருந்து ஒரு பல்லும் ஒடியாத சீப்பு அது. என் கைக்கு வந்து இரண்டு ஆண்டும் இரண்டு மாதமும் பன்னிரண்டு நாளும்தான் ஆகின்றன.

ஒடிந்த பல் பிடரியில் சிக்குக்குள்ளே தங்கிவிட்டது. அதை எடுக்கப் போய் ஒரு கொத்து முடியும் கூடவே வந்தது. அந்தக் கொத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கண்ணாடியின் முன் நின்றபோது எனக்கு வந்த எரிச்சல் சீப்பின்மேல் அல்ல, உன்மேல்தான். ஆகவே உனக்கே எழுதுகிறேன். பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறர் எழுதியதை நகல் எடுத்தவன் நான். முகவரி இல்லாத ஒருவருக்குச் சொந்தமாகக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

நாளை காலை எட்டு மணிக்கு நாவிதர் வருகிறார். நம் மகன் சொல்லி அனுப்பியிருக்கிறான். சென்ற ஞாயிற்றுக்கிழமை மதியம், இரண்டாவது முறை சோறு வைத்தபோது, அவன் பேச்சை எடுத்தான்.

“அப்பா, கோவப்படாம கேளுங்க. அந்தக் குடுமி இப்போ சுண்டுவெரல் கனம்கூட இல்ல. அதச் சீவிக் கெட்டதுக்கு நீங்க ஒரு மணிக்கூர் எடுக்குதிய. வெட்டிக் கிராப்பு வச்சிருவோம்.”

“முப்பத்தஞ்சு நிமிசமாக்கும். ஒரு மணிக்கூர் இல்ல.”

“செரி, முப்பத்தஞ்சு நிமிசம். வெட்டிருவோமா?”

நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாததைச் சம்மதம் என்று அவன் எடுத்துக்கொண்டான். இந்தக் காலத்துப் பிள்ளைகளின் வாசிப்பு அவ்வளவுதான்.

இந்தக் குடுமி எனக்கு என்னவென்று அவனுக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். 1094 மாசியில் எங்கள் அலுவலகத்துக்குப் புதிதாக வந்த இளம் குமஸ்தா ஒருவர், வகிடெடுத்த கிராப்புத் தலையோடு என் மேசையில் சாய்ந்துகொண்டு, “என்ன ஓய், இந்தப் பாரத்த எப்ப எறக்கி வைக்கப் போறீரு?” என்று கேட்டார். அத்தனை பேர் முன்னிலையில் நான் எழுந்து நின்று, “இது எங்கூடத்தான் சுடுகாட்டுக்குப் போவும்” என்றேன். அன்று மாலை அதை உன்னிடம் சொன்னபோது நீ அரிசி புடைத்துக்கொண்டிருந்தாய். “நல்ல சத்தியந்தான். வெந்நி வைக்கட்டா?” என்றாய். அவ்வளவுதான் உன் பாராட்டு.

அந்தச் சத்தியத்துக்கு நாளை காலை எட்டு மணி கெடு. நான் தவறியதால் அல்ல, நீ முறையாக எதையும் சொல்லிவிட்டுப் போகாததால்.

நீ 1111 கார்த்திகை ஒன்பதாம் தேதி போனாய். அதற்கு முந்தைய வாரம்வரை என் குடுமி ஒரு பெரிய எலுமிச்சம்பழம் அளவுக்கு இருந்தது. நீ போன பத்தாம் நாள் கண்ணாடியில் பார்த்தபோது அது நெல்லிக்காயாகச் சுருங்கியிருந்தது. துக்கத்தால் முடி கொட்டும் என்று துக்கம் கேட்க வந்தவர்கள் சொன்னார்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. துக்கம் இருந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் முடி கொட்டியதற்குக் காரணம் பராமரிப்புத் தவறியது என்றே நினைத்தேன். முறை தவறினால் கெடுவது முறை திரும்பினால் சீராக வேண்டும் அல்லவா? அதனால் உன் பதினொரு விதிகளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

அவற்றை நீ எழுதவில்லை. 1096 கார்த்திகை பதினான்காம் தேதி, நீ வாய்க்கு வந்தபடி சொல்லச் சொல்ல நான்தான் எண் போட்டு எழுதினேன். முதல் விதி, சிக்கை நுனியிலிருந்து எடுக்க வேண்டும். சிக்குக்கு மேலே முடியை இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் வேர் இழுபடாது. இரண்டாம் விதி, ஈர முடியில் சீப்பு படக்கூடாது. பழைய வேட்டித் துண்டால் ஒற்றியெடுக்க வேண்டுமே தவிர, துணியால் அடித்துத் துவட்டக்கூடாது. மூன்றாம் விதி, தினமும் தலை நனைக்கக்கூடாது, புதனும் சனியும் மட்டும் போதும், மற்ற நாள் கழுத்துக்குக் கீழே குளிக்க வேண்டும். இப்படியே போகும். எண்ணெயைப் பொறுக்கும் சூட்டில் விரல் நுனியால் தேய்க்க வேண்டும், நகம் படக்கூடாது. சீப்பை வாரம் ஒருமுறை சீயக்காய்த் தண்ணீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டும். பிளந்த நுனியை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கத்தரிக்க வேண்டும். முடி கட்டுவது ஒரே கையாக இருக்க வேண்டும், கை மாறக்கூடாது. உறங்கும்போது மெல்லிய துணியால் குடுமியைச் சுற்றிக்கொள்ள வேண்டும். பதினோராம் விதி, முடிந்த முடிச்சை நான் தொடவே கூடாது.

விதிகள் சரி. அளவுகள் எங்கே? அதுதான் என் கேள்வி. எண்ணெய் காய்ச்சும்போது உன் பக்கத்தில் கடிகாரத்தோடு நான் நின்ற நாளை மறந்திருக்க மாட்டாய். ஒரு நாழித் தேங்காயெண்ணெய். கரிசலாங்கண்ணிச் சாறு எவ்வளவு என்று கேட்டேன்.

“கொறச்சு.”

“கொறச்சுன்னா? அரைக்கால் நாழியா, கால் நாழியா?”

“எண்ணெ கேக்குத அளவு.”

“எண்ணெ எப்பிடிக் கேக்கும்? எறக்குதது எப்போ? அதையாவது சொல்லு.”

“சத்தம் அடங்கணும். அடிவண்டல எடுத்து உருட்டினா மணலுபோல இருக்கணும். நீங்க பைய அங்ஙன தள்ளி நில்லுங்க, ஒங்க பேச்சில எனக்குச் சத்தம் கேக்கல்ல.”

நான் தள்ளி நின்று கடிகாரம் பார்த்தேன். இருபத்தேழு நிமிடம். எழுதி வைத்தேன். நீ போனபின் 1112 சித்திரையில் அதே வாணலி, அதே ஒரு நாழி, அதே இருபத்தேழு நிமிடம். எண்ணெய் கருகித் தார்போல் ஆயிற்று. விறகு ஈரமா காய்ந்ததா என்பதை நீ குறிப்பிடவில்லை என்று பிறகுதான் உறைத்தது. அந்த எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு நான்கு நாள் அடுப்புக்கரி வாசனையோடு திரிந்தேன்.

செம்பரத்தி இலைத் தாளியும் அப்படியே. இலையைக் கசக்கித் தண்ணீரில் பிழிந்தேன். வழுவழுவென்று வந்தது. தலையில் விட்டேன். வடிகட்ட வேண்டும் என்று நீ சொல்லவே இல்லை. நீ வடிகட்டித் தந்ததால் எனக்குத் தெரியவும் இல்லை. வெள்ளம் வடிந்தபின் பழையாற்றுக் கரையோரப் புதரில் சருகு ஒட்டிக்கொண்டு நிற்குமே, என் தலை அப்படி இருந்தது. போன ஆவணியில் மழைக்கு அவசரப்பட்டு ஈரத்தோடு முடிந்து விட்டேன். மறுநாள் அவிழ்த்தால் நனைந்த சாக்கின் வாடை. தலைவலி மூன்று நாள்.

மருமகள் நல்லவள்தான். ஆனால் மாமனார் தலையைத் தொடுவது நம் வீட்டு வழக்கம் இல்லை. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று, “மாமா, நுனியிலேருந்து எடுங்க, நுனியிலேருந்து” என்பாள். “முதல் விதி, எனக்குத் தெரியும்” என்பேன். தெரிந்து என்ன பயன்? என் பிடரி எனக்குத் தெரிவதில்லை.

ஆத்திரம் எழுதத் தொடங்கினால் பழையதெல்லாம் வருகிறது. சீவி உதிர்ந்த முடியை நீ எறிய மாட்டாய். விரலில் சுற்றிச் சுருளாக்கி, தேங்காய்ச் சிரட்டையில் போட்டு மூடி வைப்பாய். எறிய வேண்டியதை எறி என்று எத்தனை முறை சொல்லியிருப்பேன்! “பெண்ணுக்குத் தெரியும் எத எறியணும்னு” என்பாய். பிறகு அந்தச் சிவப்பு நூல். பத்திரக் கட்டுகளைக் கட்டுவதற்கென்றே வரும் நூல் அது. என் நாட்குறிப்புகளைத் தைக்க ஓர் உருண்டை வாங்கி வைத்திருந்தேன். 1096 கார்த்திகை முதல் வாரத்தில் அதில் ஒரு முழம் குறைந்திருந்தது. உன்னைக் கேட்டேன்.

“எலி கடிச்சிருக்கும்.”

“எலி கத்திரிக்கோல் வச்சா கடிக்கும்? வெட்டு நேரா இருக்கு பாரு.”

“படிச்ச வீட்டு எலியில்லா?” என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். அந்த வழக்கு இன்னும் என் குறிப்பில் தீராமல் இருக்கிறது.

1096 என்றதும் காய்ச்சல் நினைவுக்கு வருகிறது. புரட்டாசி இரண்டாம் தேதி படுத்தவன், இருபத்தொரு நாள் கழித்து எழுந்தேன். எழுந்த மூன்றாம் வாரம் முடி உதிரத் தொடங்கியது. தலையணையில், தலை துவட்டும் தோர்த்தில், சோற்றில். ஒரு காலை தலையணையைப் பார்த்துவிட்டு நான் அழுதேன். இதை வேறு யாருக்கும் எழுத மாட்டேன். கார்த்திகை கழிந்து வேலைக்குத் திரும்ப வேண்டும். அந்தக் கிராப்புக் குமஸ்தா அங்கே இருப்பார். சத்தியம் செய்த வாய் இருக்கும், குடுமி இருக்காது.

நீ கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாய். “இஞ்ச பாருங்க. வேரு இருக்குல்லா? வேரு இருந்தா வராம எங்க போவும்? தலைய எங்கிட்ட விட்டிருங்க. நாப்பத்தொரு நாளு கண்ணாடி பாக்கப்பிடாது. அவ்வளவுதான்.”

கண்ணாடியைத் துணி போட்டு மூடினாய். நாற்பத்தொரு நாள் கழித்து, மார்கழி பதினெட்டாம் தேதி காலை, துணியை எடுத்தேன். குடுமி பழையபடி இருந்தது. சொல்லப்போனால் பழையதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருந்தது. நான் வேலைக்குப் போனேன். அந்தக் குமஸ்தா என் தலையைப் பார்த்துவிட்டுத் தன் கோப்பைப் பார்த்தார்.

அதன்பின் எண்ணெயும் பதினொரு விதிகளும் என் பெயரில் ஊர் சுற்றின. அஞ்சுகிராமத்து வாத்தியார் ஒருவருக்கும், புதுக்கடை ஜவுளிக்காரர் ஒருவருக்கும், தோவாளைப் பூ வியாபாரிக்கும் என் கையாலேயே நகல் எடுத்துக் கொடுத்தேன். பூ வியாபாரி தன் மகளின் முடிக்காகக் கேட்டார். முழங்கால்வரை இருந்த முடி பிரசவத்துக்குப் பின் பாதியாகக் கொட்டியதாம். ஆறு மாதம் கழித்து, ஒரு கூடை பிச்சிப்பூவை நம் வாசலில் வைத்துவிட்டு அவர் தயங்கி நின்றது நினைவிருக்கிறதா?

“அண்ணாச்சி, குத்தமா எடுக்கப்பிடாது. நீங்க எழுதித் தந்தபடிதான் செய்யுதா. சிக்கு இல்ல, பளபளப்பும் இருக்கு. ஆனா கனம் மட்டும் வரல்ல.”

“புதனும் சனியும் தவிர தலை நனைச்சாளா?”

“பெண்ணுக்குச் செவ்வாயும் வெள்ளியும்லா அண்ணாச்சி?”

“கை மாறிச்சா? அம்மயும் சீவி, மாமியும் சீவினாளா?”

“அது... புள்ளப் பெத்தவ, ஆரு கை ஒழிஞ்சிருக்கோ அவிய சீவுவாவ.”

“அதான் பாத்தீரா! விதி எழுதினது சும்மாவா?” என்று நான் அவரைப் பிடித்துக்கொண்டேன். உள்ளேயிருந்து நீ இருமினாய். வெகுநேரம் இருமினாய். கசாயம் வைத்துக் குடி என்று சொன்னேன்.

எழுதி எழுதி மணி ஒன்பதரை. கையிலிருக்கும் சீப்பு இனி உதவாது. நாளைக்கு வெட்டப்போகிற முடியாக இருந்தாலும் இன்று சிக்கோடு இருக்கக்கூடாது. உன் மரப்பெட்டியில் வேறு சீப்பு இருக்கும். நீ போனபின் அதை நான் திறந்ததில்லை. போய்ப் பார்க்கிறேன்.

*

அதே தேதி, பிற்பகல் மூன்று மணி ஐந்து நிமிடம்.

சீப்பு இருந்தது. வேறொன்றும் இருந்தது.

உன் கல்யாணப் புடவைக்கு அடியில் ஒரு வெள்ளைத் துணிப் பொட்டலம். பிரித்தேன். உள்ளே ஒரு சவுரி. பெண்கள் கொண்டைக்கு வைத்துக் கட்டுவார்களே, அந்த நீளம் இல்லை. ஒரு சாண் நீளம், நடுவில் பருத்து நுனியில் மெலிந்தது. பாதி கறுப்பு, பாதி நரை. அடியில் அதைச் சேர்த்துக் கட்டியிருந்த நூல் சிவப்பு. பத்திரக் கட்டு நூல். அளந்து பார்க்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆனாலும் அளந்தேன். ஒரு முழம்.

பெட்டிக்குப் பக்கத்தில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்பதை முதல் தடவையாக நான் குறிக்கவில்லை. மருமகள் கதவு நிலையில் வந்து நின்றாள்.

“இது ஆருக்க?” என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்திருந்தது.

“மாமா, கோவப்படப்பிடாது.”

“கோவம் இருக்கட்டு. சொல்லு.”

“அத்தைக்க முடியாக்கும். ஒங்களுக்குக் காய்ச்சலு வந்த வருசம் அவியளுக்கு உதிந்த முடியச் சேத்து வச்சுக் கெட்டினாவளாம். ஒங்க குடுமிக்கு உள்ள வச்சு முடிஞ்சிருவாவ. வருசா வருசம் கொறச்சு கறுப்ப உருவிட்டு நரைச்சத வச்சுக் கெட்டுவாவ. ஒங்களுக்கு நரைச்ச மாதிரி அதும் நரைக்கணும்லா?”

“ஒனக்கு எப்போ தெரியும்?”

“அத்தை கெடையில கெடந்தப்போ. வேற ஆருக்கும் தெரியாது. ஒங்க மகனுக்கும் தெரியாது.”

பதினைந்து ஆண்டுகள். நூறு பக்கப் பத்திரத்தில் ஒரு கால்புள்ளி இடம் மாறினால் கண்டுபிடிப்பவன் நான். “அசலோடு ஒப்பிட்டுச் சரி பார்க்கப்பட்டது” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டே வாழ்ந்தவன். நாற்பத்தொரு நாளில் முடி ஒரு விரற்கடைக்கு மேல் வளராது என்ற கணக்கு எனக்குத் தெரியாதா? பார்க்க விரும்பாததால்தான் பார்க்காமல் இருந்திருக்கிறேன். என் தலையிலேயே ஒரு நகல் இருந்தது. அது அசலோடு சேர்ந்து நரைத்தும் வந்தது.

முதலில் எனக்கு வந்தது கோபம்தான், மறைக்க மாட்டேன். புதனும் சனியும் மட்டும் தலை நனை என்றாயே, அது முடிக்காகவா? மற்ற நாள் ஆற்றில் முங்கினால் முடிச்சு அவிழும் என்பதற்காகவா? கை மாறக்கூடாது என்றது எதற்காக? முடிச்சைத் தொடாதே என்றது எதற்காக? உன் இருமல் எதற்காக? பூ வியாபாரியின் மகள் இரண்டு வீட்டுப் பெண்களும் மாறி மாறிச் சீவியதற்காக என்னிடம் குற்றவாளியானாள். நீ உள்ளே நின்று வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

பதினொரு விதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு வகை பிரித்தேன். மூன்று, ஏழு, பதினொன்று ஆகிய மூன்றும் என் மானத்துக்காக நீ செய்தவை. நுனிச் சிக்கு, ஈரச் சீப்பு, சூடான எண்ணெய், சீப்புக் கழுவுதல், இன்ன பிற ஏழும் முடிக்கானவை. எட்டாம் விதி, உறங்கும்போது துணி சுற்றுவது, எந்தப் பக்கம் என்று எவ்வளவு யோசித்தும் தீர்மானிக்க முடியவில்லை. இரண்டுக்கும் பொருந்துகிறது. உன்னைக் கேட்டால்தான் தெரியும். கேட்க முடியாத இடத்தில் போய் இருக்கிறாய். அஞ்சுகிராமத்துக்கும் புதுக்கடைக்கும் தோவாளைக்கும் மூன்று திருத்தக் கடிதம் எழுதி முடித்துவிட்டேன். எட்டாவதை மட்டும் “ஐயத்துக்குரியது” என்று குறித்திருக்கிறேன்.

பிறகு மருமகளிடம் ஒன்று கேட்டேன். “போறதுக்கு முன்ன இதை எதுக்கு எடுத்து மறைச்சா? தலையிலேயே இருந்திருக்கலாமே?”

அவள் உள்ளே வந்து பெட்டியின் மூடியைச் சாத்தினாள்.

“கார்த்திகை ஏழாந் தேதி ஒங்களக் கட்டிலுக்குப் பக்கத்தில இருத்தி அவுத்துக் கெட்டினாவ, நினைவிருக்கா மாமா? அன்னைக்கு எடுத்துட்டாவ. எங்கிட்டச் சொன்னாவ: ‘நான் போனா அவிய ஆத்துல தலை முழுகணும். ஊரு முழுக்க கரையில நிக்கும். அப்போ எல்லாரு முன்னாலயும் அது அவுந்து வெள்ளத்துல போயிரப்பிடாது.’”

நினைவிருக்கிறதா என்கிறாள். மறக்க முடியுமா? நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாய். உன் கை ஒருமுறை தலையணைக்கு அடியில் போய் வந்தது. நான் எழுந்து தலையை ஆட்டிப் பார்த்துவிட்டு, “இன்னைக்குக் கெட்டு சரியில்ல. லேசா இருக்கு” என்றேன். “இருக்கட்டு” என்றாய். அதற்குமேல் நீ என்னிடம் முழுதாக எதுவும் பேசவில்லை. நாற்பத்து மூன்று ஆண்டுகளில் உன்னிடம் நான் கடைசியாகச் சொன்னது ஒரு குறை.

ஒன்பதாம் தேதி நான் ஆற்றில் மூன்று முறை முங்கி எழுந்தேன். குடுமி அவிழ்ந்து தோளில் விழுந்தது. மெலிந்திருந்தது. துக்கம் என்றார்கள் ஊரார். நீ அதற்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருந்தாய்.

“ஏன் இவ்வளவு நாளு எங்கிட்டச் சொல்லல்ல?”

“என்னைக்காவது அவியளா எனக்க பெட்டியத் திறப்பாவ, அன்னைக்குச் சொல்லு, அதுக்கு முன்ன சொன்னா மூக்குக்கு மேல கோவம் வரும்னு சொன்னாவ.” அவள் திரும்பிப் போகும்போது, “பின்னயும் வரும்னும் சொன்னாவ” என்றாள்.

சவுரி இரண்டு ஆண்டாகத் துணிக்குள் கிடந்ததால் சிக்குப் பிடித்திருந்தது. செம்பரத்தி இலை பறித்துவரச் சொன்னேன். தாளி பிழிந்தேன். இம்முறை வடிகட்டினேன். கிண்ணத்தில் முக்கி எடுத்தேன், கசக்கவில்லை. வேட்டித் துண்டில் ஒற்றினேன். கொல்லையில் நிழல் விழும் பக்கமாகக் கொடியில் போட்டேன். வெயிலில் போட்டால் முறுகும் என்று விதிகளில் இல்லை, ஆனால் நீ அப்படிச் செய்து பார்த்திருக்கிறேன்.

ஐந்து மணிக்குக் காய்ந்துவிடும். பிறகு சீவ வேண்டும். இத்தனை ஆண்டுகளில் நீ என் தலையைச் சீவினாய். உன் தலையை ஒருமுறையாவது நான் சீவியதாக என் குறிப்பு எதிலும் இல்லை.

*

தை இருபத்திரண்டு, காலை ஒன்பது மணி.

நேற்று மாலை ஐந்து பத்துக்குத் தொடங்கி ஆறு மணிக்கு முடித்தேன். நுனியிலிருந்து தொடங்கி, சிக்குக்கு மேலே இடக்கையால் இறுகப் பிடித்துக்கொண்டு எடுத்தேன். மூன்று முடிதான் உதிர்ந்தது. அவற்றை எறியவில்லை. விரலில் சுற்றிச் சிரட்டையில் போட்டிருக்கிறேன்.

இன்று காலை ஆறரைக்கு என் குடுமியை அவிழ்த்து, அதை உள்ளே வைத்து நானே முடிந்தேன். நான்கு தடவை அவிழ்ந்தது. ஐந்தாவது தடவை நின்றது. நாற்பத்தெட்டு நிமிடம்.

எட்டு மணிக்கு வர வேண்டிய நாவிதர் எட்டேகாலுக்கு வந்தார். மகன் உத்தியோகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தான். நாவிதர் பெட்டியைத் திறந்துகொண்டே என் பின்னால் வந்து, அப்படியே நின்றார்.

“இதென்ன பாட்டா! முடியே இல்லன்னு ஆளு விட்டாவ? நல்ல கெட்டிக் குடுமியால்ல இருக்கு! இந்த வயசுல இப்பிடி ஒண்ணு நான் கண்டதில்ல. என்ன எண்ணெ தேய்க்குதிய?”

மகன் செருப்பைப் போடாமல் திரும்பிப் பார்த்தான். பதினேழு ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு நான் தாள் எடுத்து நகல் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒரு நாழித் தேங்காயெண்ணெய் என்று தொடங்கும்.

“எண்ணெயில்ல” என்றேன்.

“பின்னே?”

“என் வீட்டுக்காரிக்க முடியாக்கும் இது. உள்ள வச்சுக் கெட்டியிருக்கு.”

நாவிதர் சிரிக்கத் தொடங்கி, என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். கத்தியை மடித்துப் பெட்டிக்குள் வைத்தார். வாசல்வரை போன மகன் திரும்பி வந்து, நாவிதருக்கு மோர் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனான்.

நீ வைத்துக் கட்டிய பதினைந்து ஆண்டுகளில் எனக்குக் கனம் தெரிந்ததே இல்லை. இன்று தெரிகிறது. குனிந்து எழுதும்போது பிடரியில் ஒரு கை வைத்தாற்போல் இருக்கிறது. என் கட்டு இடப்பக்கம் சரிந்திருப்பதாக மருமகள் கதவு நிலையில் நின்று சொன்னாள். இருக்கட்டு என்றேன்.